கப்பல் வருமென்று இருந்தோம்

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

என் கணவர் யோகனின் குரல். மேலே நின்று கத்துகிறார். நான் கீழே, பங்கர்க் குழிக்குள் இருக்கிறேன். மகள் ஆரணியின் தலையை என் மடிக்குள் அமுக்குகிறேன். முதலில் தூரத்தில் ஒரு சத்தம். கனமான கதவை அறைந்து சாத்துவது போல. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஷெல்லின் கூவல். கூவல் நின்றால் பயம். நிற்கிறது.

மண் கொட்டுகிறது. வாய்க்குள் மண். காதுக்குள் ஒரே இரைச்சல். சேலை கிழித்துத் தைத்த மண்மூட்டை ஒன்று சரிந்து என் காலில் கிடக்கிறது. ஆரணி அழவில்லை. அழுவதை நிறுத்தி எவ்வளவோ நாள்.

"இஞ்சேருங்கோ! உள்ளுக்கு வாங்கோ!"

"பொறும். செய்தி போகுது."

பங்கருக்குள் வானொலி இழுக்காது. அதனால் ஷெல் விழும்போதும் யோகன் வெளியே குந்தியிருப்பார். ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, பக்கத்துப் பங்கர்களுக்குத் தமிழில் சொல்லுவார். இங்கிலீஷ் வாத்தியார். அவருடைய கடைசி வகுப்பு அதுதான்.

2009, சித்திரை. முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் நந்திக்கடல். மறுபக்கம் பெருங்கடல். நடுவில் மணல். மணல் முழுக்கத் தறப்பாள் கூடாரம். தறப்பாளுக்குள் நாங்கள்.

அந்த மாதம் சனம் உடைத்துக்கொண்டு போனது. நந்திக்கடலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இராணுவத்தின் பக்கம் போனார்கள். எங்கள் பக்கத்துப் பங்கர்க் குடும்பமும் போனது. போகிறவர்களை மறித்தவர்கள் எங்கட இயக்கப் பெடியள். சுட்டும் இருக்கிறார்கள். அதையும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் இது சாட்சியம் இல்லை.

நானும் மூட்டை கட்டினேன். யோகன் அவிழ்த்தார்.

"பிள்ளையோட அந்தத் தண்ணிக்குள்ள இறங்கேலாது. கொஞ்சம் பொறும். கப்பல் வரும்."

"எந்தக் கப்பல்?"

"அமெரிக்கன்ர. அது வரேக்க நாங்கள் இஞ்ச இல்லாட்டி?"

காயக்காரரை ஏற்ற ஒரு கப்பல் முன்பு வந்து போனது. அது வேறு. இது பெரிய கப்பல். எல்லோரையும் ஏற்றும். யார் முதலில் சொன்னது என்று தெரியாது. கஞ்சி வரிசையில் சொன்னார்கள். காயத்துக்கு மருந்து கட்டுகிற இடத்தில் சொன்னார்கள். யோகன் நம்பினார். நம்புவதற்கு அவரிடம் காரணம் இருந்தது. வானத்தைக் காட்டுவார்.

"அவங்கட சற்றலைட் மேல நிக்குது. இந்தத் தறப்பாள் கூடத் தெரியும். இவ்வளவு சனம் சாகிறதைப் பாத்துக்கொண்டு சும்மா இருப்பாங்களே?"

இருந்தோம்.

வைகாசியின் நடுப்பகுதி. காலை. யோகன் ஓடி வருகிறார். பல நாளுக்குப் பிறகு அவருடைய பல்லைக் காண்கிறேன்.

"கதைச்சிட்டார்! அமெரிக்க ஜனாதிபதியே எங்களைப் பற்றிக் கதைச்சிட்டார்! கனரக ஆயுதத்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டார். இனி அடிக்கமாட்டாங்கள்."

உண்மையாகவே சற்று நேரம் அடி ஓய்ந்திருந்தது. கடலின் சத்தம் கேட்டது. ஆரணியைத் தூக்கித் தோளில் வைத்தார். பிள்ளையின் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொன்னார். கப்பல் தெரிகிறதா என்றும் பார்ப்பார்களாம். நான் மறிக்கவில்லை. எனக்கும் அந்தச் செய்தி இனித்தது.

தூரத்தில் அந்தக் கதவு சாத்தும் சத்தம்.

கூவல் கேட்கவில்லை. மிகக் கிட்ட விழுந்தால் கேட்காது என்பார்கள். சரிதான்.

இருவரையும் இழுத்து வந்து எங்கள் பங்கருக்குள்ளேயே வைத்தேன். மண்மூட்டைகளைக் கிழித்து மண்ணைத் தள்ளினேன். யாரோ ஒரு அண்ணை உதவினார். பெயர் கேட்கவில்லை. பிறகு சனத்தோடு சனமாக நடந்தேன். கை இரண்டும் வெறுமையாக இருந்தது. அதுதான் அப்போது விளங்கவில்லை.

இப்போது நான் இங்கிலீஷ்காரர் நாட்டில், மிச்சம் என்கிற ஊரில் இருக்கிறேன். ஒரு கடைக்கு மேலே ஓர் அறை. ட்ராம் திரும்புகிற இடத்தில் இரும்பு கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டேன். வேலை, ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பகுதியில். அங்கே யந்திரம் பேசும். ஆட்கள் பேசத் தேவையில்லை. சில கிழமைகளில் ஏழு நாளும் நான் ஒரு தமிழ்ச் சொல்லும் பேசாமல் இருந்திருக்கிறேன். கோயிலுக்குப் போனால் கேட்பார்கள், "பிள்ளையள் எத்தினை பேர்?" இல்லை என்பேன். ஒரு சொல்லில் முடிந்துவிடும். பிறகு கோயிலுக்கும் போகவில்லை.

ஒருநாள் நூலகத்துக் கணினியில் அந்தப் படங்களைப் பார்த்தேன். அமெரிக்கா அப்போதே வெளியிட்டவை. மேலிருந்து எடுத்தவை. நந்திக்கடல். பெருங்கடல். நடுவில் மணல். மணலில் வெள்ளைப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தேன். யோகன் சொன்னது சரி. தறப்பாள் கூடத் தெரிந்தது.

பார்ப்பது வேறு. பார்த்துக்கொள்வது வேறு. வாத்தியாருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

அமெரிக்கா எங்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கொன்றவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்வது இதுதான். பெரிய நாடு ஒன்று வருகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. கவலையாக இருக்கிறது என்று சொன்னாலே போதும். கீழே கிடக்கிறவனுக்கு அது கப்பல் என்று கேட்கும். அவன் அசையாமல் இருப்பான். பிறகு ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைச் சபையில் எங்களுக்காகத் தீர்மானம் கொண்டுவந்ததும் அமெரிக்காதான். சில வருடத்தில் அந்தச் சபையை விட்டே எழும்பிப் போனதும் அமெரிக்காதான். தொலைக்காட்சியில் சர்வதேசப் பாதுகாப்பு என்று பேசுகிறார்கள். நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

என் அறைக்கு எதிர்க் கதவு சர்மினாவுடையது. ஆப்கான்காரி. என்னைப் போலத் தனி. மாடிப்படியில் தலையாட்டிக்கொள்வோம். எங்கள் இருவருக்கும் பொது, கடைச் சாமான் வாங்கப் போதுமான இங்கிலீஷ். "அக்கா" என்ற சொல்லைக் கீழே தமிழர் கடையில் பொறுக்கி வைத்திருந்தாள்.

2025. ஒரு மாலை அவள் கதவைத் தட்டினாள். கையில் போன். கண் வீங்கியிருந்தது.

அவளுடைய தம்பி நசீர். காபூலில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். படை விமானமேறியபோது அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. மனைவி, மூன்று பிள்ளைகளோடு பாகிஸ்தானுக்குத் தப்பி வந்தான். அமெரிக்கா கூப்பிடும் என்று அங்கே ஒரு விடுதியில் இருந்தான். விமானச் சீட்டும் வந்தது. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. சீட்டு ரத்து. இப்போது பாகிஸ்தான் பொலிஸ் வீடு வீடாக வந்து ஆப்கான்காரரைப் பிடித்து எல்லைக்கு அப்பால் விடுகிறது.

"அவனுக்குப் பயமில்லை, அக்கா. அவங்கள் வாக்குக் குடுத்தவங்களாம். பொறுத்திருக்கப் போறானாம். நான் என்ன சொல்ல?"

கதிரையை இழுத்துப் போட்டேன். அவளை இருத்தினேன். அன்றுதான் முதல்முறை முழுதாகச் சொன்னேன். கப்பல். வானொலி. முகம் கழுவப் போனது. என்னிடமிருந்த இங்கிலீஷுக்குள் அது அடங்கவில்லை. அடங்காத இடத்தில் கையால் காட்டினேன். அவள் அழவில்லை. தம்பியின் நம்பரை அழுத்தி, போனை என் கையில் தந்தாள்.

நசீரின் இங்கிலீஷ் அமெரிக்கப் படத்தில் வருவது போல இருந்தது. மரியாதையான பையன்.

"நான் அவையளோட ஒரே கோப்பையில சாப்பிட்டனான். காயப்பட்டவையைத் தோளில தூக்கினனான். என்னை மறக்கமாட்டினம்."

"மறக்கேல்லைத் தம்பி. உம்மட பேர் அவையிட்ட இருக்கும். ஆனா வரமாட்டினம். பிள்ளையளோட அந்த விடுதியை விட்டு வெளிக்கிடும்."

"அவை கூப்பிடேக்க நான் இஞ்ச இல்லாட்டி?"

"என்ர மனிசனும் இதைத்தான் கேட்டவர்."

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் அது தண்ணீர்தான்.

மறுநாள் மனைவியையும் பிள்ளைகளையும் மலைப்பக்கத்தில் இருந்த அவளுடைய உறவினர் வீட்டுக்கு அனுப்பினான். தான் மட்டும் விடுதியில் நின்றான். அழைப்பு வந்தால் எடுக்க ஆள் வேண்டும் என்றானாம். அடுத்த கிழமை பொலிஸ் வந்தது. கதவை உடைத்த சத்தம் கேட்டதாகப் பக்கத்து அறைக்காரர் சொன்னார்கள். லொறியில் ஏற்றினார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து ஒருமுறை பேசினான். "கடந்திட்டன்" என்று மட்டும். பிறகு போன் அடிக்கிறது, எடுப்பார் இல்லை. பிறகு அடிக்கவும் இல்லை.

சர்மினா பச்சைத் தேநீர் கொண்டுவந்தாள். ஏலக்காய் போட்டது. இருவரும் என் கட்டிலில் இருந்தோம்.

"நீ சொன்னபடியா நாலு பேர் இருக்கினம், அக்கா."

நாலு பேர். வரமாட்டினம், வெளிக்கிடுங்கோ என்று எங்களிடம் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். தேநீர் ஆறியது. அவள் போன பிறகு அறை முன்பை விடப் பெரிதாக இருந்தது.

மறக்கக் கூடாதவர்களுக்காக எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் எண்ணிப் பாருங்கள்.

யோகன். முப்பத்தெட்டு வயது. ஆரணி. ஏழு வயது. எங்கள் வரிசையில் ஆறு பங்கர். கடைசிவரை அங்கே இருந்தவர்களில் நடந்து வெளியே வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் இப்போது எங்கே என்று தெரியாது. கேட்காமல் போன என் இடது காது. ஒரு வீடு. ஒரு கிணறு. நான் என் பிள்ளையைக் கூப்பிட்ட செல்லப் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

நசீரை இந்த இழப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சர்மினா சொல்லிவிட்டாள்.

சேர்க்கவில்லை.