மேனகாவுக்கு ஒரு அரியர்

காலையில் எழுந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் குளித்துவிடுவேன். கடத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிப் பேருந்தில் ஏறுவேன். சர்வர் அறை வாசலில் செருப்பைக் கழற்றுவேன். ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பேன். பிறகு என் மனைவி மேனகாவின் பெயரில் கணினிக்குள் நுழைந்து, சற்று நேரம் இருந்துவிட்டு வெளியே வருவேன். அதற்கப்புறம்தான் என் பெயரில் வேலையைத் தொடங்குவேன். மேனகா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

விசாரணைக் குழுவில் உங்களில் பலருக்குச் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை தெரியாது என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு மாணவருக்கும் சர்வரில் ஒரு ஃபோல்டர் உண்டு. படிப்பை முடித்தவர்களின் ஃபோல்டரையும், இடையில் விட்டுப் போனவர்களின் ஃபோல்டரையும் சர்வர் தானாகவே அழித்துவிடும். அரியர் வைத்திருப்பவர்களை மட்டும் தொடாது. அவர்கள் அவ்வப்போது உள்ளே வந்து போனால் போதும்.

மேனகா திருமணத்துக்குப் பிறகு இங்கேதான் எம்.எஸ்சி. தாவரவியல் படித்தாள். எல்லாத் தாளிலும் தேறியவள். அதுதான் சிக்கல். டெங்குவில் அவள் போன பிறகு, சர்வர் அவளுடைய ஃபோல்டரை அழிப்பதற்குள், நான் அவளுக்கு ஒரு அரியர் போட்டேன். பாசியியல் தாளில். அவளுக்கு மிகவும் பிடித்த பாடம். தெரிந்திருந்தால் கோபித்திருப்பாள்.

தேர்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்த மாதவராஜ் ஒருநாள் என்னிடம் கேட்டார். "பூவரசன் சார், யாருங்க இந்த மேனகா? ஒரே பேப்பர்ல இத்தனை செமஸ்டரா நிக்குது. பரிச்சைக்கும் வர மாட்டேங்குது. ஏதாச்சும் ரெண்டு பதிலு எழுதினா தூக்கி விட்டுருவாங்கல்ல?"

"சொல்லிப் பாக்கறேங்க" என்றேன்.

இதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

அவளுடைய ஃபோல்டரில் இலைகளின் படங்களும் கட்டுரைகளும்தான் இருந்தன. அவள் இல்லை. எனவே அவளைச் சேகரிக்க ஆரம்பித்தேன். மற்ற மாணவர்களின் ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன். பொங்கல் விழாப் படம் ஒன்றில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். சுற்றுலா வீடியோ ஒன்றில் டீக்கடையைக் கடந்து போனாள். எல்லாவற்றையும் எடுத்துவந்தேன். நூலகக் கேமராவின் பதிவுகள், கெட்டுப்போகும் நிலையில் இருந்த பழைய கணினி வட்டு ஒன்றில் கிடந்தன. அதில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் படிக்கிறாள். ஒருமுறை கொட்டாவி விடுகிறாள். கேமராப் பதிவுகள் நிறைய இடம் பிடிக்கும். மாணவர் கோப்புகளுக்கு நகல் எடுத்துவைக்கும் இரண்டாவது வட்டை முதலில் அவளுக்குக் கொடுத்தேன். அதுவும் நிறைந்தது.

பிறகு, பெரிய ஃபோல்டர் வைத்திருந்த ரஞ்சித்குமார் என்ற மாணவனைக் கல்லூரியை விட்டு அனுப்பினேன். பட்டியலில் மட்டும்தான். 'இடையில் விலகியவர்' என்று மாற்றினால் மீதியைச் சர்வர் பார்த்துக்கொள்ளும். அவன் ஓடி வந்தான்.

"சார், என் ப்ராஜெக்ட் மொத்தமும் போச்சு சார்!"

"என்ன ப்ராஜெக்ட்?"

அவன் ஃபோல்டர் முழுக்கச் சினிமாப் படங்கள். ஒரே படம் மூன்று தடவை. பெயரைத் திரும்பச் சேர்த்து, புது ஃபோல்டர் கொடுத்து, ஒழுங்காகப் படிக்கும்படி அறிவுரையும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். இப்படிப் பலர். ஒருவரும் புகார் கொடுக்கவில்லை.

அடுத்துப் பெரிய ஃபோல்டர் ராதிகாவுடையது. சித்தேரிப் பெண், மேனகாவுடன் எம்.எஸ்சி. படித்தவள், இப்போது ஆய்வு மாணவி. மலையில் இரண்டு பருவம் மழையை அளந்து, எந்தக் காட்டில் சாமை எவ்வளவு விளைந்தது என்று பதிந்து வைத்திருந்தாள். சொந்தக் கணினி கிடையாது. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு வாரம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அவளை விலக்கினேன்.

மத்தியானம் வந்தாள். "சார், நான் காலேஜ விட்டுட்டதா வருதுங்க. நான் இங்கதான நிக்கறேன்?"

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். வைரஸாக இருக்கும் என்றேன். இரண்டு பேரும் சாயங்காலம் வரை தேடினோம்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அழிந்த கோப்பு உடனே போய்விடுவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கலாம். அவள் வந்தபோது நூலகப் பதிவு அந்த இடத்தில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் கிடைத்திருக்கும். ஆனால் பாதியில் நிறுத்தினால் அந்தப் பதிவு கெட்டுவிடும்; பழைய வட்டு இன்னொரு தடவை ஓடாது. அதில் மேனகா புத்தகத்தை மூடிவிட்டு, எழுந்து, கேமரா பக்கம் திரும்புகிறாள். நான் ராதிகாவோடு தேடிக்கொண்டே இருந்தேன். அது எழுதி முடிந்தது.

"என்னால உங்க வேலையெல்லாம் கெட்டுப்போச்சுங்க சார்" என்று என்னிடம் வருத்தப்பட்டாள். "போன வருச மழய எங்க போயி திரும்ப அளப்பேங்க?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

ராதிகாவின் ஃபோல்டரை அழித்தது வைரஸ் அல்ல, நான். மனைவி கேட்டுக்கொண்டபடிதான் செய்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். தலைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன கேட்டுக்கொண்டாள் என்று அன்று யாரும் விசாரிக்கவில்லை. இன்று கேட்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில், காய்ச்சல் சற்று இறங்கியிருந்தபோது சொன்னாள். அதற்கப்புறம் பேசவில்லை.

"ஏங்க, என் ஃபைல எல்லாம் அழிச்சிட்டு அந்த எடத்த ராதிகாவுக்குக் குடுத்துருங்க. பாவம், அவளுக்குப் பத்தலயாம்."