மோட்டார் ரூம் பக்கத்துப் பெட்டி

ஒரே தென்னந்தோப்பு, ஒரே நிழல், ஒரே கருவேலம்பூ. அப்படியிருந்தும் மோட்டார் ரூம் பக்கத்தில் இருந்த தேன் பெட்டியின் ஈக்கள் மட்டும் ஏன் ஆளைக் கண்டாலே கொட்டின என்பது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. எறும்பு ஏறுகிறதோ என்று பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன். மோட்டார் சத்தம் ஆகவில்லையோ என்று பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். சீனிப் பாகும் வைத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. ரோட்டோரத் தேன் கடைவாசல் பெட்டியோ பசுமாடு மாதிரி. முதலாளி மகள் நாகஜோதி அதை வெறுங்கையால் திறந்து, ஈ மொய்க்கும் சட்டத்தைத் தூக்கி, பஸ்ஸில் வந்தவர்களுக்குக் காட்டுவாள். ஒன்றும் செய்யாது.

தோப்பு செல்லச்சாமி அய்யாவுடையது. உச்சிப்புளியைத் தாண்டி, ராமேசுவரம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. நாகஜோதி அவருக்கு ஒரே மகள். நானும் என் வீட்டுக்காரர் தவசியும் அங்கே தேன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டோம். பஸ் நிற்கும் நேரத்தில் முகவலை போட அய்யா விடமாட்டார். வலை போட்டால் வந்தவர்கள் பயந்துபோய்த் தேன் வாங்காமல் போய்விடுவார்களாம்.

ஒரு நாள் இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வந்தது. மோட்டார் ரூம் பெட்டியையும் திறந்து காட்டச் சொன்னார் அய்யா.

"அது கெட்ட பெட்டிய்யா. வலையப் போட்டுக்கிறேன்," என்றார் தவசி.

"ஏலே, பொண்டாட்டிக்குப் பயந்தா போதும். ஈக்கும் பயப்படுறதுன்னா மீசையச் சிரைச்சிரு."

வந்தவர்கள் சிரித்தார்கள். தவசியும் சிரித்துக்கொண்டுதான் மூடியைத் தூக்கினார். முகத்திலும் கழுத்திலும் அப்பிவிட்டன. தொண்டை வீங்கி, ராமநாதபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

துக்கத்துக்கு அய்யா மகளோடு வந்தார். "வேலை தெரியாத பய. நான் என்னத்தச் செய்ய?" என்றார். அதைச் சொல்லும்போது நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியை அடக்கக் கற்றுக்கொண்டு வா என்று கடலாடியில் நடந்த பயிற்சிக்கு என்னை அவர்தான் அனுப்பினார். என் குழப்பம் அங்கேதான் தீர்ந்தது. ஒரு பெட்டியில் இருக்கும் அத்தனை ஈயும் ஒரே ராணியின் பிள்ளைகள். மூர்க்கமும் சாந்தமும் பெரும்பாலும் அவள் வழியாக வருவதுதான். ராணியை மாற்றினால் பெட்டியின் குணம் மாறும். ஆனால் உடனே மாறாது. பழைய ஈக்கள் வயதாகிச் சாக வேண்டும், புது ராணியின் பிள்ளைகள் பிறந்து வாசல் காவலுக்கு வர வேண்டும். ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

"சாந்தமான ராணிக்கு எங்கிட்டுப் போவ?" என்று அய்யா கேட்டார்.

"நம்ம தோப்புலயே இருக்குய்யா," என்றேன். பொய் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் பஸ் நிற்காது, கடைவாசல் பெட்டியை யாரும் திறக்க மாட்டார்கள். வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் இரண்டு பெட்டிக்கும் புகை போட்டு, இரண்டு ராணிகளையும் எடுத்தேன். வேற்று ராணியை நேராக உள்ளே விட்டால் ஈக்கள் சூழ்ந்து கொன்றுவிடும். அதனால் சின்னக் கம்பிக் கூண்டில் போட்டு, கூண்டின் வாயைச் சீனி மாவால் அடைத்துத் தொங்கவிட வேண்டும். ஈக்கள் மாவைத் தின்று முடிப்பதற்குள் அவள் வாசனை பழகிவிடும், அப்புறம் சொந்தத் தாய்தான். பொல்லாத ராணியை நசுக்கிவிடச் சொல்லித்தான் பயிற்சியில் சொன்னார்கள். நான் நசுக்கவில்லை. கடைவாசல் ராணியை மோட்டார் ரூம் பெட்டியிலும், மோட்டார் ரூம் ராணியைக் கடைவாசல் பெட்டியிலும் வைத்தேன். மழையில் பூ கிடைக்காது என்பதால் பாகு ஊற்றி வளர்த்தேன். தீனி இருந்தால்தான் ராணி முட்டையிடும்.

மார்கழி பிறப்பதற்குள் மோட்டார் ரூம் பெட்டி பூனை மாதிரி ஆகிவிட்டது. "புருசனால ஆகாதத நீ முடிச்சிட்டயே," என்று அய்யா பாராட்டினார்.

நாகஜோதி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முன்பு ஒரு தடவை ஒரே ஒரு ஈ கொட்டியதற்கே அவள் கை முழங்கை வரை வீங்கி, மூச்சு இரைத்தது. நான்தான் சுண்ணாம்பு தடவி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "அய்யாட்ட சொல்லிறாதக்கா, அப்புறம் பெட்டியத் தொட விடமாட்டாக," என்றாள். நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவள் நான்.

மழை விட்டு முதல் பஸ் வந்தது. எல்லோரும் மாலை போட்ட சாமிகள். நாகஜோதி மூடியில் காதை வைத்துக் கேட்டாள்.

"அக்கா, உள்ள எரைச்சல் வேற மாதிரி இருக்கே. வலையப் போட்டுக்கிறவா?"

"கொண்டல் காத்து தாயி. கூதலுக்கு அப்படித்தான் எரையும். அய்யா பாத்துக்கிட்டு இருக்காக பாரு."

அவள் அய்யாவைப் பார்த்தாள். அவர் திறக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். ஆக, திறக்கச் சொன்னது அவர்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தவசியைக் கொண்டுபோன அதே ரோட்டில்தான் அவளையும் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு இருந்ததாம்.

ராணியை மாற்றி வைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். அவள் கைக்கு வரும் என்று தெரிந்துதான் வைத்தேன். அந்தப் பெட்டியை எரிக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம், ஈக்கள் மேல் தப்பில்லை. இப்போது இருக்கும் ராணியை எடுத்துவிட்டு, சாந்தமான ஒன்றைக் கூண்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். மாசி முடிவதற்குள் அடங்கிவிடும். அப்புறம் முகவலை இல்லாமல் செல்லச்சாமி அய்யாவே திறந்து காட்டலாம்.