அந்தோனியார் லேனைக் கடக்கிறார்

செல்லையா: அதுல மட்டும் உக்காராதீங்க தம்பி!

ஜனா: ஏன் ஐயா? ஸ்டூல்தானே… மேல துணி மூடிக் கிடக்கிற சாமானை இறக்கி வச்சிட்டு இருக்கிறன்.

செல்லையா: பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன், இன்னும் காயல. இந்தச் சுத்துற நாற்காலில உக்காருங்க. முடி வெட்டிக்கச் சொல்லமாட்டேன்.

ஜனா: தாங்ஸ் ஐயா.

செல்லையா: வெட்டினா நல்லாத்தான் இருக்கும், அது வேற விசயம்.

ஜனா: நான் கொம்பனியில இருந்து வந்தனான். லேன் கடைசியில வாற பதினாலு மாடி எங்கடதான். என்ர பேர் ஜனா. கொம்யூனிற்றி ஒபிசர்.

செல்லையா: அப்படின்னா?

ஜனா: லேன் ஆக்களோட கதைக்கிறது.

செல்லையா: அதுக்குச் சம்பளமா! மாக்ரெட் அக்கா இவ்வளவு காலமா சும்மாதானே செஞ்சுக்கிட்டு இருக்காங்க.

மாக்ரெட்: எனக்குக் கேக்குது செல்லையா!

செல்லையா: பாத்தீங்களா. எதிர் வீடுதான். நம்ம சலூன்ல கத்திரிக்கோல் சத்தம் நின்னா, ஜன்னலத் திறந்து என்னன்னு கேப்பாங்க.

ஜனா: அன்ரியையும் காணத்தான் வந்தனான். அன்ரி, ஒருக்கா வருவீங்களோ?

மாக்ரெட்: சலூனுக்குள்ள நான் வரமாட்டன். இந்தா, வாசல்ல நிக்கிறன். சொல்லுங்க மகன்.

ஜனா: முதல்ல ஒரு சின்ன சேர்வே. இந்தப் போனில பட்டனை அமத்தினாச் சரி. உங்கட லேன் முன்னேறுதோ, பின்னுக்குப் போகுதோ?

செல்லையா: செத்துப்போச்சு.

மாக்ரெட்: நல்லா இருக்கு.

ஜனா: ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ…

செல்லையா: தண்ணி காலைல நூல் மாதிரி வருது. கழிவுத்தண்ணி போற கான் உடைஞ்சு கிடக்கு. எலிக்குப் பூனை வழி விட்டு ஒதுங்கி நிக்குது. பொடியங்க எல்லாம் இத்தாலி, டுபாய். என் கடைக்கு வர்றவன் எல்லாம் வழுக்கை. எதத் தம்பி வெட்டுறது?

மாக்ரெட்: பொய். றொபேட் மாஸ்டர்ட ரியூசனுக்கு அறுபது பிள்ளைகள் வருது. பின்னேரம் இந்த லேன்ல நடக்க ஏலாது.

செல்லையா: நடக்க ஏலாதது கான் உடைஞ்சதால.

மாக்ரெட்: கொன்ஸ்ரன்ஸ்ட இடியப்பம் வாங்க மருதானையில இருந்து ஓட்டோ வருது!

செல்லையா: அந்த ஓட்டோக்காரன் கொன்ஸ்ரன்ஸ்ட மருமகன்.

மாக்ரெட்: மருமகன் எண்டா சாப்பிடக் கூடாதா?

ஜனா: சரி, சரி… எங்கட வெள்ளவத்தையும் ஒரு காலத்தில இப்பிடித்தான் இருந்தது அன்ரி. இப்ப பாருங்கோ, எல்லாம் ஃபிளற். நாங்களும் வீட்டைக் குடுத்துப்போட்டு ஏழாம் மாடியில எடுத்தம். கடல் தெரியும்.

மாக்ரெட்: இப்பவும் தெரியுதா?

ஜனா: …முன்னால இன்னொண்டு கட்டிட்டினம்.

மாக்ரெட்: அப்ப என்ன தெரியுது?

ஜனா: அவையின்ர குசினி.

செல்லையா: ஆளுங்க எப்படி?

ஜனா: தெரியாது. வெள்ளிக்கிழமையிலயும் மீன் பொரிக்கினம், அது மட்டும் தெரியும்.

மாக்ரெட்: பேர்?

ஜனா: அன்ரி, நாங்கள் உங்கட லேனைப் பற்றியெல்லோ கதைக்கிறம்.

மாக்ரெட்: சேர்வே போதும் மகன். வந்த விசயத்தைச் சொல்லுங்க.

ஜனா: …அந்தோனியார்.

மாக்ரெட்: ம்.

ஜனா: லேன் வாசல்ல, உங்கட மதிலோட, கண்ணாடிக் கூட்டுக்குள்ள நிக்கிறாரெல்லோ. அவரால கொங்கிறீற் லொறி திரும்ப ஏலாமல் கிடக்கு. மூண்டு தரம் வந்தது. மூண்டு தரமும் ரிவேர்சில போச்சுது.

மாக்ரெட்: அவர் நாப்பது வருசமா அங்கதான் நிக்கிறார். லொறிதானே புதுசு.

ஜனா: ஓம் அன்ரி. ஆனா லொறி வராட்டி பில்டிங் எழும்பாது.

மாக்ரெட்: எழும்பினா?

ஜனா: ஏரியா முன்னேறும்.

மாக்ரெட்: நாங்க? லேன்ல பாதிக்கு மேல வாங்கியாச்சு. மிச்சம் இருக்கிறது ஆறு வீடு. லொறி உள்ள வந்தா அடுத்த வருசம் என்ட சுவர் வெடிக்கும். அதுக்கு அடுத்த வருசம் இன்னொரு ஒபிசர் வந்து, "அன்ரி, வெடிச்ச வீட்டில எப்பிடி இருப்பீங்க" எண்டு கேப்பார். எனக்குத் தெரியாதா? மகள் நிலூஷாவும் மிலான்ல இருந்து போன் எடுத்தாப் போதும், "மம்மி, வத்தளைக்குப் போங்க, வத்தளைக்குப் போங்க." அவள் மிலான்ல இருக்கிறதுக்கு நான் ஏன் வத்தளைக்குப் போக?

ஜனா: நாங்கள் ஒருத்தரையும் போகச் சொல்லேல்லை அன்ரி. அந்தோனியாரை மட்டும்தான்… அதுவும் மரியாதையோட. எங்கட கேற்றுக்கு உள்ள கார்டன், லைற், சின்னதா ஒரு ஃபவுன்டன்…

மாக்ரெட்: கேற்றில செக்கியூரிற்றி இருப்பானா?

ஜனா: இருப்பான்.

மாக்ரெட்: மெழுகுதிரியோட போனா ஆரைப் பாக்க வந்தது எண்டு கேப்பானா?

ஜனா: பேரையும் ஐடி நம்பரையும் சொன்னாச் சரி.

மாக்ரெட்: "அந்தோனியாரா? எத்தனையாம் மாடி?" எண்டு கேப்பான்.

செல்லையா: ஏன் தம்பி, இவ்வளவு கெஞ்சுறீங்க? உங்ககிட்டத்தான் இவ்வளவு ஆள் இருக்கே. தூக்கி வச்சுட்டுப் போகலாமே.

ஜனா: ஒருத்தரும் கை வைக்கமாட்டினமாம் ஐயா. போன மாசம் எங்கட சுவர் கட்டுற மேசன் பாஸ் ஒராள் கூட்டைப் பிடிச்சு அசைச்சுப் பாத்தவர். அண்டைக்கே கழுத்துப் பிடிச்சுது.

செல்லையா: அடடா.

ஜனா: ரெண்டு நாள் ஒரு பக்கமாப் பாத்துக்கொண்டுதான் திரிஞ்சவர். இப்ப அந்தக் கூட்டடியில ஒருத்தரும் வெத்திலை கூடத் துப்பமாட்டினம். நீங்களாத் தூக்கினாத்தான் உண்டு. நீங்கள் அவற்ற ஆக்கள்.

மாக்ரெட்: நீங்க தூக்குங்க மகன்.

ஜனா: நானோ! நான் சைவம். எண்டாலும்… என்ர ஏ.எல் சோதினைக்கு அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்குத்தான் நேர்ந்தவா.

மாக்ரெட்: பாஸா?

ஜனா: பாஸ்.

மாக்ரெட்: அவர் பாஸாக்கி விட்ட பிள்ளை வந்து அவரையே எழுப்புது.

ஜனா: அப்பிடிச் சொல்லாதேங்கோ அன்ரி! எங்கட வீட்டில கடவுள் விசயம் பகிடி இல்லை. பிள்ளையாருக்குச் சொல்லாமல் அம்மா ஒரு ஃபிரிட்ஜும் வாங்கமாட்டா.

செல்லையா: பிள்ளையார்னா அவ்வளவு பயமா?

ஜனா: பயம் இல்லை ஐயா. மரியாதை… ஓம், பயம்தான்.

மாக்ரெட்: நான் ஏலாது எண்டா?

ஜனா: எங்கட கொம்பனிச் சேர் வழக்குப் போடப்போறார் அன்ரி. நான்தான் ஒரு மாசம் தாங்கோ, கதைச்சுப் பாக்கிறன் எண்டு நிப்பாட்டி வச்சிருக்கிறன்.

செல்லையா: அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது.

மாக்ரெட்: கோவிப்பன். சொல்லுங்க.

செல்லையா: நான் தூக்குறேன்.

மாக்ரெட்: என்ன?

செல்லையா: செத்த லேனுக்கு வாசல்ல காவல் எதுக்கு? நகத்திப்புடுவோம்.

மாக்ரெட்: தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த உனக்கு என்ட அந்தோனியாரைத் தூக்குற அளவுக்கு வந்திட்டுதா?

செல்லையா: முப்பது வருசமா அவரு எதிர்லதான் முடி வெட்டுறேன். உங்களவிட அவருக்கு என்னைத்தான் நல்லாத் தெரியும்.

மாக்ரெட்: தொட்டுப் பார். உன்ட கழுத்தும் முதுகுப் பக்கம் திரும்பும்!

செல்லையா: திரும்பினா பின்னால வர்ற எலியாவது தெரியும்!

ஜனா: அன்ரி… ஐயா… என்னால சண்டை வேண்டாம்…

செல்லையா: நீங்க சும்மா இருங்க தம்பி, இது லேன் சண்டை. அக்கா, நான் கேற்றுக்குள்ள வைக்கச் சொன்னேனா? லேனைக் கடந்து இந்தப் பக்கம் வரட்டும். என் சலூன் சுவரோட நிக்கட்டும். உங்க ஜன்னல்ல இருந்து முகம் நேராத் தெரியும். இவ்வளவு காலம் அவரு முதுகத்தானே பாத்தீங்க.

மாக்ரெட்: …முதுகுதான்.

செல்லையா: தம்பி, லொறிக்கு எந்தப் பக்கம் இடம் வேணும்?

ஜனா: இடது பக்கம். அன்ரியின்ர மதில் பக்கம். அதில ஒடிச்சுத் திருப்பினாச் சரி. இந்தப் பக்கம் ஆர் நிண்டாலும் பிரச்சினை இல்லை.

மாக்ரெட்: சும்மா கல்லில வைக்க விடமாட்டன். பீடம் வேணும்.

ஜனா: கொம்பனி கட்டும்!

செல்லையா: கம்பி போட்டு?

ஜனா: கம்பி போட்டு.

மாக்ரெட்: ஆழமா. நாளைக்கு லொறி இடிச்சாலும் அசையக் கூடாது.

ஜனா: அன்ரி, பதினாலு மாடிக்குப் போடுற அதே கொங்கிறீற்றைப் போடுறம்.

செல்லையா: அகலம் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும். பெரிய புனிதர்.

ஜனா: ஒரு நிமிசம், சேரிட்டச் சிங்களத்தில கேட்டுச் சொல்லுறன்… ஹலோ சேர்… ஒவ் சேர்… ஒக்கொம கெமதி சேர்… ஹரி சேர், ஹரி. …அன்ரி, எல்லாத்துக்கும் ஓமாம்! சேருக்குச் சரியான சந்தோசம்.

மாக்ரெட்: பீடம் நல்லாக் காய வேணும். காஞ்ச பிறகு வாற செவ்வாய்க்கிழமை, பின்னேரச் செபம் முடிஞ்சுதான் அவர் இறங்குவார். செவ்வாய் அவர்ட நாள்.

ஜனா: உங்கட விருப்பம் அன்ரி. பழைய பீடத்தைப் புதன்கிழமை காலமை உடைப்பம்.

மாக்ரெட்: உடையுங்க…

ஜனா: அன்ரி… அழுறீங்களோ?

மாக்ரெட்: நாப்பது வருசம் மகன். நீங்க போங்க.

ஜனா: …போட்டு வாறன். ஐயா, சேர்வேயில கடைசியா என்ன போடுறது? முன்னேறுதோ, பின்னுக்கோ?

செல்லையா: செத்துப்போச்சு.

மாக்ரெட்: நல்லா இருக்கு.

ஜனா: "அபிப்பிராயம் இல்லை" எண்டு அமத்துறன். வேற பட்டன் இதில இல்லை.

மாக்ரெட்: எட்டிப் பாருங்க செல்லையா. போயிட்டானா?

செல்லையா: மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பிட்டாரு. அந்தோனியாரத் தாண்டுறப்போ செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டாரு.

மாக்ரெட்: நல்ல பிள்ளை. பாவம்.

செல்லையா: கடைசியில அழுதீங்களே… அது நாம பேசி வச்சதுல இல்லையேக்கா.

மாக்ரெட்: அது தானா வந்தது. தலவாக்கலை எண்டு சொன்னதுக்குக் கோவமா?

செல்லையா: நேத்துப் பழகிப் பாத்தப்போ இதவிட மோசமாச் சொன்னீங்க.

மாக்ரெட்: ஒண்டு கேக்கட்டா? அந்த மேசன் பாஸ்ட கழுத்து… உண்மையா அந்தோனியார்தானா?

செல்லையா: அன்னைக்குக் காலைல நம்மகிட்ட எண்ணெய் மசாஜுக்கு வந்தாரு. கழுத்த நாந்தான் கொஞ்சம் கூடத் திருப்பிட்டேன். மூணாம் நாள் நானே எடுத்தும் விட்டேன்.

மாக்ரெட்: பாவி!

செல்லையா: றொபேட் மாஸ்டருக்கு அறுபது பிள்ளைங்கன்னு சொன்னவங்க பாவம் பத்திப் பேசக் கூடாது.

மாக்ரெட்: ஒம்பது. அதில ரெண்டு அவர்ட பேரப்பிள்ளைகள்.

செல்லையா: நான் ஒரு பொய்யும் சொல்லலக்கா. தண்ணி, கான், எலி, வழுக்கை, எல்லாம் நெசம். லேன் செத்துத்தான் போச்சு.

மாக்ரெட்: அப்ப ஏன் இதுக்குள்ள கிடந்து சாகிறீங்க? அவங்கள் தாறதை வாங்கிக்கொண்டு போகலாமே.

செல்லையா: செத்துப்போச்சுன்னு நான் சொல்லலாம். நீங்க சொல்லலாம். லொறியோட வந்து ரிவேர்ஸ்ல போறவன் சொல்லக் கூடாது.

மாக்ரெட்: …தள்ளுங்க, உள்ள வாறன்.

செல்லையா: சலூனுக்குள்ள வரமாட்டேன்னீங்க?

மாக்ரெட்: ஆளை ஒருக்காப் பாக்க வேணுமே. செவ்வாய்க்கிழமை என்ட ஆள் அவங்கள் கட்டித் தந்த பீடத்தில ஏறினதும், உங்கட ஆள் என்ட மதிலோட பழைய பீடத்தில ஏற வேணும். புதன் காலமை உடைக்க வாறவன் நேர அவர்ட முகத்தில முழிக்க வேணும். ரெண்டு பக்கமும் இவங்க நிண்டா லொறி என்ன, ஓட்டோவும் ஒருக்கா யோசிச்சுத்தான் திரும்பும். …எங்க வச்சிருக்கிறீங்க அவரை?

செல்லையா: அந்தத் தம்பி உக்காரப் போன ஸ்டூல் மேல இருக்கிற துணியத் தூக்குங்க… மெதுவாக்கா, மெதுவா. தும்பிக்கை நுனி மட்டும் இன்னும் காயல.