கரிசல் மண்ணாகப் பாடுகிறவர்

விளாத்திகுளம் பேருந்தில் என் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரர் அவிய பாட்டுக் குழு போட்ட புது ஆல்பத்துல கரிசல் மண்ணா வாராவக்கா."

"ஏட்டி, மண்ணாவா?"

"கிட்டாரும் டிரம்ஸும் அதிர, தொண்டையால உறுமிப் பாடுவாவல்லா, அந்த மெட்டல் பாட்டுக்கா. பத்துப் பாட்டும் சேர்ந்து ஒரே கதை. சம்சாரி, மழை, மண்ணு, எல்லாத்துக்கும் தனித்தனிக் குரல். மண்ணுக்கு இவிய உறுமல்."

"யம்மா!"

"கடைசிப் பாட்டுல மழை பெய்யும். அப்பவும் உறுமணும்னு கூடப் பாடுதவிய மல்லுக்கு நின்னாவ. அப்படின்னா நான் குழுவை விட்டே போறேன்னுட்டாவ இவிய."

மூத்தவள் மிளகாய்ச் சாக்கை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"சரியாத்தான சொல்லியிருக்காவ. மழை பெஞ்சா நிலத்து வெடிப்பெல்லாம் மூடிரும்லா? வாயில்லாத மண்ணு எப்படி உறுமும்?"

"இதேதாங்கா இவியளும் சொன்னாவ. கடைசில அந்தப் பாட்டுல மண்ணு உறுமாமலே விட்டுட்டாவ."

மூத்தவள் அவள் கையிலிருந்த போனுக்குக் கை நீட்டினாள்.

"உம் புருசன் வாயை மூடுத பாட்டை மொதல்ல போடுட்டி."