எண்ணெய் குடித்த ரப்பர்

அவையை அலங்கரிக்கும் தலைவர் ததேனோ ஐயா அவர்களே! காலை முதல் களத்தில் கால் கடுக்க நிற்கும் நடுவர்களே! மதியச் சோற்றுக்கு மணக்க மணக்கக் கறிக்குழம்பு கொதிக்க வைத்திருக்கும் தாய்மார்களே! சேறு அப்பிய காலணியோடும் செம்மாந்த நெஞ்சோடும் சிபாக் காட்டில் கூடியிருக்கும் செங்குளவி அணியின் சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மிவாகோவின் வணக்கம்.

பிளாஸ்டிக் குண்டு சுடும் நம் மின்சார விளையாட்டுத் துப்பாக்கியைத் துடைப்பது எப்படி என்று பேசச் சொன்னார் தலைவர். யாரங்கே, "கொழம்பு ஆறுதுக்கா, சுருக்கா முடிங்க" என்பது? ஆறட்டும் தம்பி! என் நெஞ்சு இன்னும் ஆறவில்லையே!

துடைப்பது என்ன பெரிய வித்தையா? குண்டு நிரப்பும் மேகசினைக் கழற்று. குழலுக்குள் குண்டு தங்கவில்லை என்று பார். குச்சியில் துணி சுற்றித் திருப்பித் திருப்பித் துடை. ஒரே ஒரு வெற்றுச் சூடு சுட்டு, உள்ளிருக்கும் சுருள்வில்லை இளைப்பாற விடு. பேட்டரியைப் பிடுங்கு. எண்ணெய்? துணியில் ஒரு துளி போதும். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த உலர்ந்த துணியைத்தான் நம் ஹாகா மறந்தார்.

தலை குனியாதே ஹாகா. நீ சொல்லச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பேருந்து ஓட்டும் ஹாகாவுக்குத் துப்பாக்கி என்றால் உயிர். வாரம் தவறாமல் துடைப்பார், எண்ணெய் பீய்ச்சுவார், பிள்ளையைப் போலத் துணியில் சுற்றி வைப்பார். குழலின் அடியில் நகமளவு ரப்பர் ஒன்று இருக்கிறதே, அது குண்டின் தலையை உரசிச் சுழற்றிவிட்டால்தான் குண்டு தொலைவு போகும். அது எண்ணெய் குடித்தால் குண்டு வழுக்கும், பாதி வழியில் தரையைத் தேடும். காலையில் ஆட்டத்துக்கு முன் குண்டின் வேகம் அளக்கும் கருவியோ 'சரி' என்றே சொல்லும்!

போன இலையுதிர் காலம். நாமே இரண்டாகப் பிரிந்து ஆடினோம்; எதிரணியில், மூங்கில் புதருக்குப் பின்னால் உசுகி. மீன்கடை உசுகி, ஹாகாவின் பள்ளிக்காலத் தோழர். வெயில் ஹாகாவின் கண்ணில். சுட்டார், சுட்டார், சுட்டுக்கொண்டே இருந்தார். சடசடவென்று சத்தம் கேட்டது. உசுகியோ கையை உயர்த்தவே இல்லை.

"டேய் உசுகி, பட்டுச்சுடா! வெளிய போடா!"

"படலடா."

"சத்தம் எனக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

"முன்னாடி கெடக்குற சருகுல விழுதுடா. என் மேல படல."

"புளுகாத! நடைப்பிணம்!"

ஐயகோ! நம் ஆட்டத்தில் பட்டதைச் சொல்ல நடுவர் வேண்டுமா? பட்டவனே கையை உயர்த்தி, "பட்டாச்சு!" என்று கத்தி வெளியேறுகிறான். பட்டும் மறைப்பவனுக்குத்தான் நடைப்பிணம் என்று பெயர். அந்தப் பெயரைத் தோழனுக்கு வைக்க நா எப்படித்தான் எழுந்தது!

அடுத்த ஆட்டத்தில் ஹாகா துப்பாக்கியைத் தூக்கினாலே, உசுகி கையை உயர்த்தி, "பட்டாச்சு!" விசையைத் தொடும் முன்பே, "பட்டாச்சு!" சிலர் சிரித்தார்கள். உசுகி மட்டும் சிரிக்கவில்லை. மாலையில் நம் அணியின் கைப்பட்டையைக் கழற்றி, அழகாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து ஹாகா துப்பாக்கியைப் பிரித்தார். ரப்பர் எண்ணெயில் நனைந்து கிடந்தது. பதறிப்போய் என்னையும் இழுத்துக்கொண்டு மீன்கடைக்கு ஓடினார். கடை வாசலிலேயே இடுப்பு வரை குனிந்தார்.

"மன்னிச்சுடுடா. ரப்பர் பூரா எண்ணெய்டா. குண்டு உன்கிட்ட வந்தே சேரல."

உசுகி மீன் செதில் சீவுவதை நிறுத்தவில்லை. "மன்னிக்கிறதுக்கு என்னடா, மன்னிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ரப்பர் காஞ்சிருந்தா நீ வந்திருப்பியா?"

உசுகி அடுத்த மீனை எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னது உனக்குப் பத்தல. ரப்பர் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்துச்சு." ஒரு மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "வீட்டுல குடு. தங்கச்சிக்குப் பிடிக்கும்."

அதன்பின் உசுகி இந்தக் காட்டுக்கு வரவே இல்லை. அவருடைய கைப்பட்டை இதோ, என் பையில்தான் இருக்கிறது.

தோழர்களே! குழலைத் துடைத்தோம், குச்சியைத் துடைத்தோம், கறையெல்லாம் துடைத்தோம். அன்று வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லைத் துடைக்க எந்தக் கடையில் துணி விற்கிறது? ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இன்று எதிரில் நிற்பவர் 'படவில்லை' என்றால் நம்புங்கள்! நம்பிவிட்டு, மறுபடி சுடுங்கள்! துப்பாக்கியைப் பிரித்துப் பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

என்ன ஹாகா, ஏன் கையை உயர்த்துகிறாய்? ஏதாவது கேட்க வேண்டுமா? உரக்கச் சொல்லப்பா, பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"பட்டாச்சுக்கா."

கேட்டீர்களா, சபையோரே? கேட்க வேண்டியவர் இங்கே இல்லை. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், குழம்பைக் காத்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.