முன்னால் போகிறவனின் விளக்கு

நீங்களும் வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தீர்கள். எல்லோரும் அப்படித்தான். பெட்ரோல் போடப் போனால், "லிட்டருக்கு எவ்ளோ சார் குடுக்கும்?" என்று கேட்காமல் விட மாட்டார்கள். பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

வேகத்துக்கென்று ஒரு வண்டி, தூரத்துக்கென்று ஒரு வண்டி என்று இருக்கும். இந்த பைக் இரண்டும். பந்தய வண்டியின் இன்ஜின், நாளெல்லாம் உட்கார்ந்தாலும் முதுகை நோகடிக்காத இருக்கை, காற்றை மறைக்க முன்கண்ணாடி, இரு பக்கமும் பெட்டி. வைத்திருப்பது சுகம் என்று நினைக்காதீர்கள். நெரிசலில் இன்ஜின் சூடு தொடையை வேக வைக்கும். சந்தில் திருப்பினால் உயிர் போய் உயிர் வரும். ஆனால் ஊர் எல்லை தாண்டி கடைசி கியர் விழுந்ததும் எல்லாம் மறந்துவிடும். நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அடுத்தவர் பார்வையைச் சரிசெய்தே காலம் போனவன். அந்த வண்டியில்தான் எனக்கென்று எதையாவது பார்த்தேன்.

ஒருநாள் பெட்ரோல் பங்கில், நின்ற இடத்திலேயே வண்டியைக் கீழே போட்டுவிட்டேன். முட்டி மடங்கிவிட்டது. பெரிய வண்டி வைத்திருப்பவனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. கூட வந்திருந்த என் மைத்துனன்தான் தூக்கி நிறுத்தினான். வீட்டில் அவனை எல்லோரும் சின்னவன் என்போம். கெட்டவன் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று, நான் விழுந்த மாதிரியே விழுந்து காட்டினான். என் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மனைவி சொன்னாள்: "போதுங்க. முட்டி ஒத்துக்கல. சாவியைத் தம்பிகிட்ட குடுத்துடுங்க. வண்டி எங்க போகுது, நம்ம குடும்பத்துலதானே இருக்கும்?"

"அவன்கிட்ட குடுத்தா அவன் உயிரோட இருக்க மாட்டான்."

"நல்ல வார்த்தை பேசுங்க."

"மாமா, இந்த ஞாயித்துக்கிழமை மலைக்குப் போலாம்," என்றான் சின்னவன். "மேல வரைக்கும் உங்க வண்டியை நீங்களே ஓட்டுங்க. இறங்கும்போது நான் எடுத்துக்கறேன். என் வண்டியில நீங்க வாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். யார் காதில் விழுந்தது? மனைவி, மகள், முட்டி பார்த்த டாக்டர், எல்லோரும் ஒரே கட்சி. என்னைக் கேட்காமலே என் வாழ்க்கையைப் பங்கு போட்டுவிட்டார்கள்.

சின்னவனுக்கு நீண்டதூரம் ஓட்டப் பழக்கியவனே நான்தான். இரண்டு வண்டி சேர்ந்து போகும்போது ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன், தனக்குத் தேவை இல்லாவிட்டாலும் வளைவுக்கு முன் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பான். ஒருநாளும் நான் தவறியதில்லை. அதனாலேயே சின்னவன் சாலையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். ஒருவர் கண் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அவன் கண் என் பின்விளக்கிலேயே நின்றது.

மலையில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு. நுழையும்போது அகலமாகத் தெரியும், பாதியில் சட்டென்று இறுகிவிடும். பகல் வெளிச்சம், காய்ந்த சாலை. சின்னவன் என் பின்னால் ஒட்டி வந்தான்.

ஸ்டேஷனில் என் பின்விளக்கைக் கழற்றிச் சோதித்தீர்களாம். பழுது ஒன்றும் இருந்திருக்காது. நான் பிரேக்கையே தொடவில்லை. பெரிய இன்ஜினில் கியரை மளமளவென்று இறக்கினால் போதும், வண்டி தானாகவே அடங்கிவிடும். விளக்கு மட்டும் எரியாது. என் வேகம் பாதியானது அவனுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் என்னைத் தாண்டிப் போனான். தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. ஏதோ கேட்க வந்தவன் மாதிரி இருந்தது. அப்புறம் தடுப்புச் சுவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாட்களில் கடையைத் தினமும் தாமதமாகத் திறந்தேன் என்று கடையில் வேலை பார்க்கும் பெண் சொல்லியிருப்பாள். உண்மைதான். காலையில் மலைக்குப் போய், அந்த வளைவைப் பிரேக் தொடாமல் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். சும்மா வந்துவிடாது. முட்டி வலியோடு எத்தனை பேரால் முடியும்?

நான் அழவில்லை என்று குறித்துக்கொண்டீர்களாம். குறித்துக்கொள்ளுங்கள். அவனை யாரும் தள்ளிவிடவில்லை. சாலையைப் பார்க்காதே என்று நான் சொல்லவும் இல்லை. அடுத்தவன் விளக்கை நம்பி ஓட்டுகிறவனுக்கு அப்படி ஒரு வண்டி எதற்கு?

என் மனைவி இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளிடம் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். அந்த வண்டியைக் கொடுத்தால் அவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று நான் முதலிலேயே சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை.