வெள்ளிக்கிழமை மேடை

— இன்னொருக்கா சொல்லுங்க விசாலக்கா. கோடு எவ்வளவு நீளம்?

— அரை விரக்கடை. ஔந்த்லேர்ந்து ஓடி வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி சுப்ரஜா.

— தண்ணி வேண்டாங்க. அரை விரக்கடை... அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். ராக்கெட் எஞ்சின் கூட்டுல, வெல்டு ஓரத்துல. சிவப்பு மருந்து பூசி, தொடச்சு, வெள்ளப் பொடி அடிச்சேன். கீத்து இருந்தா உள்ள எறங்கின சிவப்பு கசிஞ்சு வரும். வந்துச்சு. ரெண்டு வாட்டி பண்ணேன், ரெண்டு வாட்டியும் வந்துச்சு.

— தூசியா இருக்குங்க.

— இருபத்தெட்டு வருசம் ஃபேக்டரியில பீரங்கிக் குண்டோட கூட்ட செக் பண்ணவகிட்ட தூசின்றியா?

— அக்கா... எஞ்சின எரிச்சுப் பாக்கற மேடைய கட்டறதுக்கு நமக்கு வக்கில்ல. அரசாங்கம் தன்னோடதத் தனியாருக்குத் தொறந்து விட்டிருக்குது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் நம்முளுது. பதினாலு மாசம் அலைஞ்சு வாங்குன நாள்.

— தெரியும். அன்னிக்கு பேடா வாங்கினு வந்தியே.

— எரிஞ்சு காட்டினா மொத மூணு ராக்கெட்ட அரசாங்கமே வாங்கிக்கும். நாள விட்டுட்டா அடுத்து நிக்கற கம்பெனிக்குப் போயிரும். இந்த ஷெட்டுல பதினொரு பேர் இருக்கறோம். நீங்களுஞ் சேத்து.

— என்னை எதுக்கு சேக்கற? எனக்கு பென்ஷன் வருது.

— கிண்டலுங்களா?

— நெசமாதான் சொல்றேன். வேல போயிடும்னு பயமுறுத்துனா, கூடு நல்லாருக்குன்னு நான் கையெழுத்து போட மாட்டேன்.

— தனியார வளக்கணும்னா அரசாங்கம் கொஞ்சம் தோக்கவும் விடணும்க்கா. டில்லி மீட்டிங்ல இதத்தான் சொன்னேன். நாலு வெடிச்சாத்தான் அஞ்சாவது மேல போகும்னு.

— அவுங்க என்னா பண்ணாங்க?

— கை தட்டுனாங்க.

— பக்கத்துல நிக்கறவன் தட்டுவானா? ஃபேக்டரியில நான் கழிச்ச குண்டுக் கூட்ட, எண்ணிக்கை குறையுதேன்னு ஒருத்தன் நல்லதுங்க கூட சேத்துட்டான். சல்தா ஹை, பரவால்லன்னுட்டான். அது வெடிச்சு, கூட வேல பாத்த ஆரோக்கியசாமி அண்ணனுக்கு வலது கை போச்சு. இன்னிக்கும் போபோடி மார்க்கெட்ல இடது கையாலதான் சலாம் வெக்கிறாரு.

— மேடைகிட்ட யாரும் நிக்க மாட்டாங்க. எல்லாரும் தள்ளியிருக்கற கான்கிரீட் பங்கருக்குள்ள...

— எரிபொருள் குழாய மாட்றது யாரு? பங்கரா?

— ...சபரி.

— போன மாசம் பிள்ள பொறந்துச்சே, அந்த சபரிதான?

— அக்கா, ப்ளீஸ்...

— மேடைய பாத்துக்கற ஆபீசர் கல்யாணசுந்தரம் சாருக்கு போன் போடு. கீத்து இருக்குது, வேற நாள் குடுங்கன்னு கேளு.

— கேட்டாச்சுங்க. நாமளாவே குறைய எழுதிக் குடுத்தா வரிசையில கடைசிக்குப் போகணுமாம். மேடையில வெடிச்சா, அடுத்த மாசமே இன்னொரு நாள் உண்டாம். ரூல் அப்படி.

— உண்மைய சொல்றவன் பின்னாடி போணும், வெடிக்க விட்டவன் முன்னாடி நிக்கணுமா? இதத்தான நீ டில்லியில சொல்லியிருக்கணும்.

— தோணலைங்க. போன வாரந்தான் அவரே சொன்னாரு...

— போன வாரமா?

— ம்.

— நான் கீத்தப் பாத்ததே இன்னிக்குக் காலையிலதான. சுப்ரஜா. என்னைப் பாரு.

— வெல்டு போட்ட கோகுல்நாத் அப்பவே கீத்து இருக்குன்னு சொன்னான். தேச்சு விட்டா சரியாயிரும்னு நெனச்சோம்.

— தேச்சா கண்ணுக்கு மறையும். உள்ள எங்க போவும்?

— சரிங்க. நீங்க கையெழுத்து போட வேண்டாம். வீட்டுக்குப் போங்க. லாரி தாபோடி பாலம் தாண்டிருச்சு, எஞ்சின நாங்க ஏத்திக்கறோம்.

— என் கையெழுத்து இல்லாம மேடைக்காரன் எப்பிடி உள்ள விடுவான்?

— ...ஃபைல் நேத்தே போயிருச்சுங்க. உங்க கையெழுத்த நான்தான் போட்டேன். இப்ப நீங்களே போட்டுட்டா அது பொய்யா இருக்காதுன்னு... வந்தேன்.

— தெரியும். ரிப்போர்ட் சுத்தமா இருக்குதும்மான்னு அந்த ஆபீசர் காலையில எனக்கு போன் பண்ணாரு. பாக்காத கூட்டுக்கு ஏது ரிப்போர்ட்டுன்னுதான் உடனே மருந்த எடுத்தேன்.

— அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி...

— நீயா சொல்றியான்னு பாத்தேன். லாரிக்காரன திரும்பிப் போகச் சொல்லு. அண்ணன் கை போனதுலேர்ந்து எங்க ஃபேக்டரியில கழிச்சத முழுசா விட்டு வைக்க மாட்டோம். எஞ்சின் மேல கெடக்கற அந்த சாக்க விலக்கிப் பாரு, நீ வர்றதுக்கு முன்னாடியே டிரில்லு விட்டு கூட்டுல மூணு ஓட்ட போட்டுட்டேன்.